ஒரு பிடி பஞ்சு

அந்த மேஜை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

மில் கேட்டுக்கு உள்பக்கம், டைம் ஆபீஸ் சுவரை ஒட்டிப் போட்டிருந்த பழைய மேஜை. ஒரு கால் குட்டை. அதற்கு அடியில் ஒரு செங்கல் துண்டை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேலே ஒரு மைப் புட்டி, என் ரிப்போர்ட் நோட்டு, அதற்குப் பக்கத்தில் நீலக் கரை போட்ட பழைய புடவைத் துணியில் சுற்றிய ஒரு பிடி பஞ்சு.

சாயங்காலச் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. பம்மல் பக்கத்துக் காற்றில் தோல் பதனிடும் கொட்டகைகளின் வாடை வந்துகொண்டிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் லேபர் ஆபீசர். இந்தப் பக்கம், ரீலிங் பிரிவில் வேலை பார்த்த கன்னியம்மா. கேட்டருகே சைக்கிளைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டு பத்துப் பதினைந்து ஆண்கள்.

அந்தப் பஞ்சைக் கன்னியம்மாவின் இடுப்பிலிருந்து உருவி மேஜையில் வைத்தவள் நான். அப்போது எனக்கு இருபது வயது.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு கடிதம்

ஐந்து வாரமாக இந்தத் தொடரில் மில்லைப் பற்றி எழுதிவருகிறேன். மில் சங்கு, கேன்டீன் புளிசாதம், ஆயுத பூஜைக்கு மெஷின்களுக்குப் பொட்டு வைத்தது என்று சுவையான சங்கதிகளாகப் பார்த்துப் பார்த்து எழுதினேன். 'மில் ஆபீசில் வேலை பார்த்தேன்' என்றும் எழுதினேன். அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

போன வாரம் குரோம்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருந்தார். அவருடைய அம்மா அந்த மில்லில் வேலை பார்த்தவராம். 'அம்மா இருந்தவரை மில்லைப் பற்றி எத்தனையோ கதை சொல்வார். கேட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்க மாட்டார். நீங்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அதை ஏன் எழுதவில்லை?' என்று கேட்டிருந்தார்.

எழுதாமல் நழுவிவிடலாம் என்று பார்த்தேன். அந்த வாசகியின் கேள்வி விடவில்லை. அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், மனசில்லாமல் சொல்கிறேன்.

என் வேலை இதுதான். மில்லை விட்டு வெளியே போகும் பெண்களின் உடம்பைத் தடவிப் பார்க்க வேண்டும். நூல், பஞ்சு எதையாவது மடியில் மறைத்து எடுத்துப் போகிறார்களா என்று பார்க்க வேண்டும். 'லேடி செக்கர்' என்று பெயர். எங்கள் அப்பா தாம்பரத்தில் மிஷன் பள்ளி வாத்தியார். சபையில் யார் கேட்டாலும் "பாப்பாவுக்கு மில்லில் கிளார்க் வேலை" என்றுதான் சொல்வார். நானும் திருத்தியதில்லை.

பனங்காட்டில் வந்த மில்

மில் எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும்.

யுத்தம் முடிந்த கையோடு, கோயம்புத்தூர்ப் பக்கத்து முதலாளி ஒருவர் பல்லாவரத்துக்கும் பம்மலுக்கும் நடுவில் பனை மரமும் முள்ளுமாகக் கிடந்த நிலத்தை வாங்கினார். எங்கேயோ சீமையில் மூடிய ஒரு மில்லின் பழைய மெஷின்கள் கப்பலில் வந்தன. துறைமுகத்திலிருந்து ரயிலில் பல்லாவரம், அங்கிருந்து மாட்டு வண்டி. முதல் நாள் சங்கு ஊதியபோது மாடுகள் மிரண்டு ஏரிக்குள் இறங்கிவிட்டன என்று அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

பத்துப் பதினைந்து வருஷத்தில் அது ஒரு ஊராகவே ஆகிவிட்டது. ரேஷன் கடை, கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு, முதலாளியின் அப்பாவுக்கு மார்பளவுச் சிலை எல்லாம் வந்தன. நூற்கும் பிரிவில் ஆண்கள். நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றிக் கைத்தறிக்காரர்களுக்கு அனுப்பும் ரீலிங் பிரிவில் முழுக்கப் பெண்கள். அனகாபுத்தூர், பொழிச்சலூர், பம்மல் என்று சுற்று வட்டாரத்திலிருந்து விடிவதற்குள் நடந்தே வந்துவிடுவார்கள். நின்றுகொண்டே வேலை. தலைமுடியெல்லாம் பஞ்சு ஒட்டி, மத்தியானத்துக்குள் எல்லாருக்கும் நரைத்துவிடும்.

சிலைக்கு இடம் இருந்த அந்த மில்லில் பெண்களுக்கு ஒரு ஓய்வறைக்கு மட்டும் இடம் கிடைக்கவே இல்லை. அத்தனை பெண்களுக்கும் இரண்டே இரண்டு கக்கூஸ். அதிலும் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மாதத்தில் அந்த மூன்று நாள் வந்தால் லீவும் கிடையாது, போனால் போன கூலிதான். அவர்கள் என்ன செய்வார்கள்? மெஷினுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் கழிவுப் பஞ்சில் ஒரு பிடி எடுத்துப் பழந்துணியில் சுற்றி வைத்துக்கொள்வார்கள். வேலை முடிந்து நடக்கும் வழிக்கு இன்னொரு பிடி இடுப்பில் இருக்கும்.

கேட்டிலோ பெரிய எழுத்தில் ஒரு போர்டு தொங்கியது. ஒரு பிடி பஞ்சு வெளியே போனாலும் திருட்டு, வேலை நீக்கம்.

கை நிற்கும் இடம்

சோதனை நடப்பது ஒரு சாக்குப் படுதாவுக்குப் பின்னால். இரண்டு மூங்கிலை நட்டுக் கோணியைத் தைத்துத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே வந்து கையைத் தூக்கி நிற்பாள். நான் தோளிலிருந்து தொடங்குவேன்.

எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் பல்லாவரத்து ஆங்கிலோ இந்திய அம்மாள் ஒருவர். அவர் காலத்திலேயே பெண்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. அந்த நாளில் இருப்பவள், செக்கரின் புறங்கையில் இரண்டு விரலால் லேசாகத் தொடுவாள். தொட்டால் கை இடுப்போடு நின்றுவிட வேண்டும். அதற்குக் கீழே போகக் கூடாது. இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

அந்த அம்மாள் வேலையை விட்டுப் போகும்போது எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே விஷயம் இதுதான். "நூல் வெச்சிருக்கறவ தொட மாட்டா. பயப்படாதே" என்றார். நான்கு மாதத்தில் அது எவ்வளவு சரி என்று தெரிந்தது. அந்தத் தொடுகையை வைத்து ஒருத்தியும் என்னை ஏமாற்றியதில்லை.

டீச்சரம்மா

கன்னியம்மாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். அனகாபுத்தூர்க்காரி. புருஷன் போய்விட்டான், செத்தானா ஓடினானா என்று யாரும் கேட்டதில்லை. ஒரு பெண் குழந்தை. குரல் மட்டும் சங்குக்கு ஈடு கொடுக்கும். நான் கஞ்சி போட்ட பருத்திப் புடவையும் குடையுமாக முதல் நாள் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு, "தோ பாருங்கடி, இஸ்கோலு மாறி வந்துக்கினு கீது ஒரு டீச்சரு" என்று சிரித்தாள். அதிலிருந்து மில்லில் எனக்கு டீச்சரம்மா என்றே பெயர்.

சேர்ந்த இரண்டாவது மாதம் என்று நினைக்கிறேன். மத்தியானம் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. நாள் கணக்குத் தப்பி, எதிர்பாராமல் வந்துவிட்டது. வெளிர் நிறப் புடவை. சுற்றிலும் டைம் ஆபீஸ் ஆண்கள்.

தண்ணீர் குடிக்க வந்த கன்னியம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி பேயறைஞ்ச மாறி கீது?"

அவள் ஒரு நொடியில் புரிந்துகொண்டாள். டைம் ஆபீஸ் பக்கம் திரும்பி, "டீச்சரம்மாக்கு வவுத்து வலி சார், நான் இட்டுகினு போறேன்" என்று சொல்லிவிட்டு, என் பின்னாலேயே ஒட்டி நடந்து, தன் உடம்பால் மறைத்தபடி அந்தத் தாழ்ப்பாள் உள்ள கக்கூஸுக்குக் கூட்டிப் போனாள். தன் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நீலக் கரை போட்ட பழைய புடவைத் துணி, அதற்குள் மில் பஞ்சு.

"கூச்சப்படாத. வூட்டுக்குப் போற வரிக்கும் தாங்கும்."

"அக்கா, உங்களுக்கு?"

"எனக்கு உள்ளாற மூட்டை மூட்டையா கீது" என்று சிரித்தாள்.

அன்று சாயங்காலம் நான் அந்தப் பஞ்சோடுதான் கேட்டைத் தாண்டினேன். செக்கரைச் செக் பண்ண ஆள் கிடையாது. துணியைத் துவைத்து, காயவைத்து, மறுவாரம் கன்னியம்மாவிடமே மடித்துக் கொடுத்தேன். "அடப்போ, இத்தப் போயி திருப்பிக் குடுப்பாங்களா" என்று வாங்கிச் செருகிக்கொண்டாள்.

படுதாவுக்குக் கீழே ஒரு ஜோடி ஷூ

மதிலுக்கு வெளியே முள்ளுக்குள் ஒரு நாள் நூல் சிட்டங்கள் சில கிடந்தன. யாரோ உள்ளிருந்து எறிந்திருக்கிறார்கள். லேபர் ஆபீசர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, நாலு மாசமா 'நில்', 'நில்'னு ரிப்போர்ட் எழுதறே. ஒண்ணுமே அகப்படலையா? அப்ப அந்த நூலெல்லாம் தானா நடந்து போச்சா?"

"நான் நல்லாத்தான் பார்க்கறேன், சார்."

"என்னத்தைப் பார்க்கறே? உன்னைப் பர்மனென்ட் பண்றதா வேண்டாமான்னு இந்த மாசம் நான் எழுதணும். வாத்தியார் பொண்ணாச்சேன்னு பார்க்கறேன்."

அப்பா அந்த ஜூனில் ரிட்டையர் ஆக இருந்தார். எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். இதை நான் சாக்காகச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் இதைத்தான் எனக்கு நானே சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதனால் எழுதுகிறேன்.

அன்று சாயங்காலமே அவர் கேட்டுக்கு வந்துவிட்டார். படுதாவுக்கு உள்ளே வர முடியாது, வெளியே நின்றார். கோணிக்குக் கீழே அவருடைய பளபளத்த ஷூ தெரிந்தது. ஒவ்வொருத்தி வெளியே போகும்போதும், "ஏதாவது கிடைச்சுதா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்று சொல்லச் சொல்ல என் குரல் சுருங்கிக்கொண்டே போனது.

பாதி வரிசை முடிந்த பிறகு கன்னியம்மா உள்ளே வந்தாள். ஷூவைக் கண்ணால் காட்டி, உதட்டைப் பிதுக்கி, என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள். கையைத் தூக்கும் முன் என் புறங்கையில் இரண்டு விரலால் தொட்டாள்.

என் கை இடுப்பில் நின்றது.

வெளியிலிருந்து குரல் வந்தது. "என்ன, ஏதாவது கிடைச்சுதா?"

கை கீழே போனது.

ஏன் கன்னியம்மா? அவளுக்கு முன்னால் அன்று மூன்று பேர் தொட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களை விட்டேன். அதற்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லத்தான் இத்தனை வாரம் தயங்கினேன். மற்றவர்கள் என்னைச் சபிப்பார்கள், ஊரெல்லாம் தூற்றுவார்கள் என்று பயம். கன்னியம்மா அப்படிச் செய்ய மாட்டாள். அவளுக்கு என் மேல் பிரியம். அந்தப் பிரியத்தை நம்பித்தான் அவள் இடுப்பில் கை வைத்தேன்.

துணியை உருவியதும் நீலக் கரை தெரிந்தது. "டீச்சரம்மா" என்றாள், மெதுவாக. அவ்வளவுதான்.

விளக்குத் திரி

மேஜையில் வைத்தேன். ஆபீசர் பேனாவின் பின்பக்கத்தால் துணியை விலக்கிப் பார்த்தார்.

"என்ன இது?"

"பஞ்சு, சார்" என்றேன். அவர் கேட்டது என்னையா என்றுகூடத் தெரியாது.

"எதுக்கும்மா எடுத்தே?" என்று கன்னியம்மாவிடம் கேட்டார்.

கேட்டருகே ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். டைம் ஆபீஸ் ஜன்னலில் இரண்டு தலைகள் தெரிந்தன. சங்குக்கு ஈடு கொடுக்கும் அந்தக் குரல் எங்கே போனதென்று தெரியவில்லை. கன்னியம்மா தலையைக் குனிந்துகொண்டாள். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த மனிதரே கூச்சப்பட்டு, "போ, போ" என்று அனுப்பியிருப்பார் என்று இன்றைக்கு எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த வார்த்தையை அத்தனை ஆண்களுக்கு முன்னால் எந்தப் பெண் சொல்வாள்? சொன்னால் அவளோடு நிற்காது. மறுநாளிலிருந்து வரிசையில் வரும் ஒவ்வொருத்தியையும் அந்தச் சைக்கிள்காரர்கள் எப்படிப் பார்ப்பார்கள்?

"வெளக்குத் திரிக்கு, சார்" என்றாள்.

திருடினேன் என்று ஒப்புக்கொண்டது போல் ஆகிவிட்டது. ஆபீசர் என்னை எழுதச் சொன்னார். என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'விளக்குத் திரிக்காகப் பஞ்சு எடுத்ததாக ஒப்புக்கொண்டார்.' கன்னியம்மா கைநாட்டு வைத்தாள்.

தினமும் காலையில் வாட்ச்மேன் அந்த ஆபீசரின் ஸ்கூட்டரைத் துடைப்பது மில் கழிவுப் பஞ்சில்தான். ஆண்கள் ஆளுக்கு ஒரு உருண்டைப் பஞ்சு சைக்கிள் சீட்டுக்கு அடியில் செருகி வைத்திருப்பார்கள். அதை யாரும் மேஜையில் வைத்ததில்லை.

யூனியன்காரர் ஒருவர் விசாரணைக்கு முன்னால் என்னைத் தேடி வந்தார். நல்ல மனிதர்.

"திரிக்குன்னு சொல்றதை நான் நம்பலைம்மா. வேற ஏதோ இருக்கு. பொம்பளைங்களைக் கேட்டா எல்லாரும் தரையைப் பார்க்கறாங்க. நீ படிச்ச பொண்ணு. உனக்குத் தெரிஞ்சா சொல்லு, நான் பேசிக்கறேன். அவளுக்கு வேற பிழைப்பு இல்லைம்மா."

எனக்குத் தெரியும். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் போதும். பேசக்கூட வேண்டாம், காகிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால், 'உனக்கு எப்படித் தெரியும்?' என்று அடுத்த கேள்வி வரும். நீலக் கரைத் துணி என் வீட்டுக் கொல்லையில் காய்ந்தது வெளியே வரும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது, சார்" என்றேன்.

விசாரணையில் கன்னியம்மாவும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேலை போனது.

ஸ்தோத்திரக் காணிக்கை

அந்த மாதக் கடைசியில் எனக்குப் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அப்பா அதை மூன்று தடவை படித்துவிட்டு வேதாகமத்துக்குள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சபைப் போதகர் ஐயர் அறிவிப்பு வாசித்தார்: மகளுக்கு வேலை நிரந்தரமானதற்காக இன்னார் குடும்பத்தார் படைக்கும் ஸ்தோத்திரக் காணிக்கை. சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அம்மா என் தோளைத் தடவினாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

மில்லில் அதற்குப் பிறகு ஒரு பெண்ணும் என் கையைத் தொடவில்லை. படுதாவுக்குள் வருவார்கள், கையைத் தூக்குவார்கள், முகத்தைக் கோணிப் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். யாரும் திட்டவில்லை. டீச்சரம்மா என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. அந்த நாட்களில் வழியெல்லாம் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. அப்படியே இன்னும் மூன்று வருஷம் அந்த வேலையில் இருந்தேன். கல்யாணம் வந்ததால் விட்டேனே தவிர, மனசாட்சி வந்து விடவில்லை.

பல்லாவரம் ஸ்டேஷன்

எழுபதுகளின் கடைசியில், மில்லைப் பூட்டிய வருஷம். மின்வெட்டும் நஷ்டமும் என்று காரணம் சொன்னார்கள். ஒரு மத்தியானம் மாம்பலத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பெண்கள் பெட்டி. மீனம்பாக்கம் தாண்டும்போது கொய்யாக் கூடையோடு ஒருத்தி என் எதிரில் உட்கார்ந்தாள். தலை உண்மையாகவே நரைத்திருந்தது.

"டீச்சரம்மா தானே? இன்னா இப்டி எளச்சிக்கினே?"

கன்னியம்மாவின் குரல் அப்படியே இருந்தது.

"மில்லுக்குப் பூட்டு போட்டாங்கோ, கேட்டியா? சங்கு சத்தம் இல்லாம ஒரே பேஜாரா கீது. எப்ப சோறு ஆக்கறதுன்னே தெர்ல" என்று சிரித்தாள். பெண்ணைப் போரூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறாளாம். பேரன் இருக்கிறானாம்.

பெட்டி நிறையப் பெண்கள். எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. "அக்கா, அன்னிக்கு அந்த மேஜையில நான்..." என்று ஆரம்பித்துவிட்டேன்.

அவள் கை கூடையிலிருந்து வந்தது. என் புறங்கையில் இரண்டு விரல்.

நிறுத்திவிட்டேன்.

வண்டி பல்லாவரத்தில் நின்றது. அவள் ஒரு கொய்யாவை என் மடியில் போட்டாள். "கொயந்தைக்குக் குடு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

அவளே வேண்டாம் என்று தடுத்துவிட்டாள் என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதுதான் தெரிகிறது, அவள் அப்படிச் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு முன்னால் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அந்தத் தொடுகைக்கு எப்போதுமே அதுதான் அர்த்தம்.

பிளாட்பாரத்தில் மரத்தடியில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. கன்னியம்மா கூடையை அதில் வைத்து, சும்மாட்டை அவிழ்த்து மறுபடி சுற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. எனக்கும் வீட்டில் அவசர வேலை எதுவும் இல்லை. சிக்னல் விழாததால் வண்டி கிளம்ப நேரம் இருந்தது.

கொய்யாவைக் கையில் வைத்துக்கொண்டு தாம்பரம் வரைக்கும் உட்கார்ந்தே வந்தேன்.